வாத்தியார் பிடித்த நிரை

எனக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். மற்றவர்களுக்கு உள்ளங்கை வியர்க்கும், முழங்கால் நடுங்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவையெல்லாம் அடக்க ஒடுக்கமான பயங்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாமல் பயந்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். என் பயத்துக்கு அந்த நாகரிகம் கிடையாது. தொண்டையில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே தண்டோரா போடும். இப்போது வயிறு முன்னேறி, முடி பின்வாங்கிய வயது எனக்கு. விக்கல் மட்டும் வாலிபம் குறையாமல் அப்படியே இருக்கிறது.

இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டுதான் ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவின் ஜோகூரில், ரெங்கத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் வாத்தியாராக இருந்தேன். எங்கள் வெள்ளைக்காரத் தொரை சிங்கப்பூருக்கு ஓடியபோது நாயையும் பாட்டுப்பெட்டியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தையும் என்னையும் விட்டுவிட்டுப் போனார். கொஞ்ச காலம் இரண்டு பேரும் மூடிக் கிடந்தோம். பிறகு ஜப்பான்காரர்கள் என்னைக் குளுவாங் டவுனுக்குக் கூப்பிட்டுச் சில வாரம் உட்காரவைத்துத் தங்கள் மொழியைக் கற்றுக் கொடுத்தார்கள். வணக்கம் சொல்லக் கற்றேன். வானிலை சொல்லக் கற்றேன். உடம்பின் உறுப்புகளைத் தொட்டுக்காட்டிப் பெயர் சொல்லக் கற்றேன். மூக்கு வரைக்கும் வந்திருந்தபோது போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் மறுபடி திறந்தது. காலையில் பிள்ளைகளை, ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசை என்று, கிழக்கே பார்க்க நிறுத்திக் குனியவைப்பேன். கைகாலை ஆட்டி உடற்பயிற்சி. பெயர் கூப்பிட்டால் துள்ளி எழுந்து ‘ஹை!’ என்று கத்த வேண்டும். இருக்கிறேன் என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம். தமிழில் அப்படிக் கத்தினால் நான் காதைத் திருகுவேன். ஜப்பான் மொழியில் கத்தினால் சும்மா இருக்க வேண்டும் என்று சட்டம். அதன் பிறகு வழக்கம்போலத் தமிழும் கணக்கும்.

சிறிய வகுப்புகள் நிறைந்துதான் இருந்தன. பெரிய வகுப்பு என்று நாங்கள் சொன்ன ஆறாம் வகுப்புதான் கசிய ஆரம்பித்தது. பிள்ளைகள் ஒரே நாளில் நிற்பதில்லை. அதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் வயிற்றுவலி வரும். பிறகு தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சேதி வரும். பிறகு சேதியும் வராது. ஒரு நாள் நான் ரோட்டில் போகும்போது எதிரே ஒரு மண்வெட்டி வரும். அதன் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு என் மாணவன் வருவான்.

காரணம் எனக்குத் தெரியாதது அல்ல. ரப்பர் வாங்க ஆள் இல்லாத காலம். பால்மரங்களுக்கு நடுவே லாலான் புல்லைக் கொத்தி எடுத்துவிட்டு ஊபி, அதாவது மரவள்ளி, நடுவதுதான் தோட்டத்து வேலை. வேலைக்கு வருபவருக்குத்தான் அரிசி. சுண்ணாம்பு நாற்றம் அடிக்கும் அரிசி, என்றாலும் அரிசி. வீட்டில் ஒரு பெரிய பிள்ளை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், அதற்கும் அரை ஆள் பங்கு உண்டு. நானோ அந்தப் பிள்ளைக்கு மூக்குக்கு ஜப்பான் மொழியில் என்ன பெயர் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் தாயாக இருந்திருந்தால் நானும் என் பிள்ளையை நிறுத்தியிருப்பேன்.

பெரிய வகுப்பின் கடைசி மாணவனும் போன பிறகு அந்தப் பெஞ்சில் ஒரு கோழி வந்து முட்டையிட ஆரம்பித்தது. நானும் விரட்டவில்லை. தினமும் தவறாமல் வந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

இந்த நிலைமையில் ஒரு மத்தியானம் கிராணியார் வந்தார். தொரை ஓடிய பிறகு தோட்டத்துக் கணக்கு வழக்கு எல்லாம் கிராணியார் கையில். கண்ணாடியின் ஒரு காது உடைந்துபோய் நூல் கட்டிப் போட்டிருந்தார். ஆகவே எந்தச் செய்தியையும் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் சொல்வார்.

“வாத்தியார், வர்ற வாரம் குளுவாங்லேருந்து ஜப்பான் ஆபீசர் வர்றாரு. பள்ளிக்கூடத்தப் பாக்க.”

“வரட்டும் லா. நம்ம பிள்ளைங்க நல்லாக் குனிவாங்க.”

“எந்தப் பிள்ளைங்க? பெரிய வகுப்பு எங்க?”

நான் திரும்பிப் பார்த்தேன். கிராணியாரும் பார்த்தார். கோழி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது.

“பெரிய வகுப்பு இல்லாத பள்ளிக்கூடம் எதுக்குன்னு கேக்கறாங்களாம். இழுத்து மூடிட்டு ஊபி அடுக்கற கிடங்கா ஆக்கிடுவாங்க.”

“அப்ப நானு?”

கிராணியார் தலையைச் சாய்த்து என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

“நீங்க கல்யாணம் ஆகாதவரு. உடம்பும் நல்லாத்தான் இருக்கு. சயாமுக்கு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

அதற்கு முன்னும் பின்னும் என் உடம்பை யாரும் பாராட்டியதில்லை. அந்த ஒரு பாராட்டு கேட்டதும் தொண்டையில் முதல் விக்கல் வெடித்தது. சயாமில் ரயில் ரோடு போடுகிறார்கள் என்று சொல்லி எங்கள் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிப்போன ஆட்களைப் பற்றி அதுவரை ஒரு சேதியும் வந்திருக்கவில்லை. அதைப் பற்றி மட்டும் நாங்கள் யாரும் வேடிக்கையாகப் பேசியதில்லை.

அன்று சாயங்காலமே, தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக் குழாயடிக்குப் போனேன். தண்ணீர் பிடிக்கத் தாய்மார்கள் எல்லாரும் கூடும் இடம் அது. வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஒரு கவிழ்த்த வாளியின் மேல் ஏறி நின்று, நான் பாடம் படித்த காலத்தில் கேட்ட சொற்பொழிவுகளையெல்லாம் ஒன்றாகக் கலந்து ஆரம்பித்தேன்.

“தாய்மார்களே! கல்வி என்பது... ஹிக்... கல்வி என்பது மனிதனுக்கு... ஹிக்...”

“பாவம்டி, வாத்தியாருக்கு யாராச்சும் தண்ணி குடுங்க” என்றாள் ஒருத்தி.

“தண்ணி எதுக்கு? மொதல்ல வாளிய விட்டு எறங்கச் சொல்லு. அது என் வாளி. ஏற்கெனவே ஒழுகுது” என்றாள் இன்னொருத்தி.

கூட்டத்தின் நடுவில் புல்வெட்டுக் கும்பலுக்குத் தலைவி மாதிரி இருந்த அக்கா நின்றிருந்தாள். அவள் வாய்க்குத் தோட்டமே வழிவிடும். அவள் புருஷன் அந்த லாரியில் போனவன். அவள் மகள்தான் என் பெரிய வகுப்பிலேயே கெட்டிக்காரி. நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, கணக்கிலேயே ஒரு தப்பு இருக்கிறது என்றும் சொல்லும் பெண். இப்போது தாயோடு லாலான் வெட்டிக்கொண்டிருந்தாள். அக்கா தவலையைக் கீழே வைத்தாள்.

“ஏன் வாத்தியாரே, நீங்க சொல்லிக் குடுக்கற அந்த ஜப்பான் எழுத்த வேகவச்சா எத்தன பேரு சாப்பிடலாம்?”

குழாயடி முழுவதும் சிரித்தது.  வாளியிலிருந்து இறங்கினேன். இறங்கும்போதுதான் என் சொற்பொழிவில் இல்லாத ஒரு வாக்கியம் தானாக வாயில் வந்தது.

“அக்கா, பெரிய வகுப்பு இல்லேன்னா பள்ளிக்கூடத்த மூடிடுவாங்களாம். மூடிட்டா... ஹிக்... என்னைய சயாமுக்கு அனுப்பிடுவாங்க.”

சிரிப்பு நின்றது. 

“இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே!” என்றாள் அக்கா. “கல்வி, கண்ணு, காதுன்னு எதுக்கு நீட்டறீங்க? நீங்களும் போயிட்டா இந்தச் சின்னதுங்களப் பகல்ல யாரு பாத்துக்கறது? அந்தக் கோழியா?”

கோழியின் விஷயம் லயம்வரை தெரிந்திருந்தது.

அக்கா அங்கேயே ஒரு வழியைச் சொன்னாள். அவள் கண்டுபிடித்த வழி அல்ல. தோட்டத்தில் எப்போதும் இருந்த பழக்கம்தான். விடியும் முன் ஆபீசுக்கு முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கங்காணி பெயர் கூப்பிடுவார். பெரட்டு என்று பெயர் அதற்கு. பிறகு ஆளுக்கு ஒரு நிரை. இரண்டு மரவரிசைக்கு நடுவில் உள்ள நிலம் அது. அவரவர் நிரையை அவரவர் வெட்டி முடித்தால் அன்றைய வேலை தீர்ந்தது. நிறைமாதக்காரியோ காய்ச்சல்காரியோ வர முடியாவிட்டால், அவளுக்கு வலப்பக்கத்து ஆளும் இடப்பக்கத்து ஆளும் அந்த நிரையைப் பாதிப் பாதியாகச் சேர்த்து வெட்டிவிடுவார்கள். பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிடும்போது அந்த இரண்டு பேரும் ஒரே குரலில் “இருக்கு!” என்பார்கள். ஒரு பெயருக்கு இரண்டு குரல் கேட்டால் கங்காணிக்கு விஷயம் புரிந்துவிடும். அவர் வானத்தைப் பார்ப்பார். மழை வருமா என்று பார்க்கிற மாதிரி. பெயரும் நிற்கும், அரிசியும் நிற்கும்.

“பெரிய பிள்ளைங்களுக்கும் அப்படியே செஞ்சிடுவோம்” என்றாள் அக்கா. “பேரு நிக்கட்டும். பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். நிரைய நாம பிரிச்சிக்குவோம். என்னங்கடி சொல்றீங்க?”

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள். முனகிக்கொண்டே சரி என்றார்கள். ஒருத்தி விரல்விட்டுப் பார்த்துவிட்டு, “எப்படிப் பிரிச்சாலும் ஒரு நிரை நிக்குதேக்கா. அதுக்கு ஆளில்ல” என்றாள்.

குழாயடியின் கண்கள் எல்லாம் மெதுவாக என் பக்கம் திரும்பின.

“நானா?” என்றேன். “நான் வாத்தியார்!”

“ஏன், சயாமுல வாத்தியாருக்குத் தனி நாற்காலி போட்டு வச்சிருக்காங்களா?” என்றாள் அக்கா.

இப்படித்தான் நான் நிரை பிடித்தேன். கங்காணியிடம் கேட்டபோது அவர் வானத்தைப் பார்த்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் பெரட்டில் எனக்கு ஒரு மண்வெட்டி கொடுத்தார்கள். லாலானைப் பார்த்தால் சாது மாதிரி காற்றில் ஆடும். கையை வைத்தால் கிழிக்கும். வேர் பாதாளம்வரை போகும். நான் ஓங்கி வெட்டினேன். மண்வெட்டி மட்டும் மண்ணுக்குள் போனது; நான் மண்வெட்டிக்கு மேலே போய் அந்தப் பக்கம் விழுந்தேன்.

“வாத்தியாரே, புல்ல வெட்டுங்க. தோட்டத்தத் திருப்பிப் போட்டுடாதீங்க!”

“பேனாவப் பிடிக்கற மாதிரி பிடிக்காதீங்க வாத்தியாரே, அது எழுதாது!”

“எனக்குப் பக்கத்து நிரையில இவர விடாதீங்கடி. எனக்கு ரெண்டு காலுதான் இருக்கு.”

என் நிரை மற்ற நிரைகளைப்போல நேராக இருக்காது. மாடு தண்ணீர் விட்டுக்கொண்டே நடந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து போகும். நடுநடுவே நான் பயந்து விட்டுவிட்ட புல்குத்துகள் நிற்கும். ஒரு குத்துக்குள் பாம்பு இருக்கிறது என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். வெயில் ஏறும் முன் முடித்துவிட்டு, கொப்புளத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். சுண்ணக்கட்டியைப் பிடித்தால் கண்ணில் தண்ணீர் வரும்.

ஆனால் பெரிய வகுப்பு வந்தது. முதல் நாள் பாதி வகுப்புதான். அரிசிக்கு வழி பண்ணியது மட்டும் போதவில்லை. மண்வெட்டி பிடித்த கையோடு, சின்னதுகளோடு ஒரே கூடத்தில் உட்கார அவர்களுக்கு வெட்கம். விட்ட பாடம் வேறு கிணறு மாதிரி ஆழமாக நின்றது. ஒரு பையன் வாசற்படிவரை வந்து திரும்பிப் போனான். அக்காவின் மகள்தான், “சார், எங்களச் சும்மா உக்கார வைக்காதீங்க. வேல குடுங்க” என்றாள். எனக்கும் கை எரிந்துகொண்டிருந்தது. ஆகவே எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் வேலையை அவர்களிடமே தள்ளிவிட்டேன். ஒவ்வொரு பெரிய பிள்ளைக்கும் கீழே சின்னப் பிள்ளைகள் ஒரு குவியல். எனக்கு ஓய்வு, அவர்களுக்குப் பதவி. வாசற்படிவரை வந்து திரும்பிய பையன், தன் தங்கைக்கு வேறொருவன் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறான் என்று கேள்விப்பட்டுக் கோபத்தில் உள்ளே வந்தான். வந்தவன் போகவில்லை. மிச்சம் பேர், வாத்தியார் நிரையில் விழுந்த கதையை நேரில் விசாரிக்க வந்தார்கள். கோழி சின்ன வகுப்புக்கு மாறிக்கொண்டது.

ஆபீசர் வரும் நாளும் வந்தது. அன்று மட்டும் எனக்கு நிரையிலிருந்து விடுமுறை. என்னிடம் மிச்சமிருந்த ஒரே வெள்ளைக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, சீக்கிரமே போய்ப் பிள்ளைகளை எதிர்பார்த்து நின்றேன். எல்லாரும் வந்தார்கள். தலை வாரி, மூக்குத் துடைத்து, கோணிப்பையில் தைத்த சட்டைகளைத் தட்டி நேராக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெரிய வகுப்புப் பெஞ்சின் நடுவில் மட்டும் ஓர் இடம் காலி. அக்காவின் மகள் வரவில்லை.

“எங்கடா அவ?”

“தெரியல சார்.”

விக்கல் வந்தது. கூடவே காரும் வந்தது.

ஆபீசர் குள்ளமான மனிதர். இடுப்பில் நீளமான வாள். அவர் நடக்கும்போது வாள்தான் அவரை அழைத்துக்கொண்டு வருவது மாதிரி இருந்தது. பின்னால் கிராணியார் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார். ஆபீசர் கடைத்தெரு மலாய் பேசுவார். அது எங்கள் எல்லாருக்கும் புரியும். பிள்ளைகள் கிழக்கே பார்த்துக் குனிந்தார்கள். உடற்பயிற்சி செய்தார்கள். நானும் செய்தேன், விக்கல் வந்ததால் என் கைகள் மட்டும் இடையில் ஓர் உதறல் அதிகமாகப் போட்டன. ஆபீசர் அதையும் பயிற்சியில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்போல. 

“பெரிய வகுப்பைப் பெயர் கூப்பிடு” என்றார்.

கூப்பிட்டேன். ஒவ்வொருவராகத் துள்ளி எழுந்து ‘ஹை!’ என்றார்கள். அவள் பெயர் நெருங்க நெருங்க, அதைத் தாண்டிப் போய்விடலாம் என்று மூளை சொன்னது. என் வாய் மூளையைக் கேட்டு நடந்த வாய் அல்ல. அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டது.

காலி இடத்துக்கு வலப்பக்கத்துப் பையனும் இடப்பக்கத்துப் பெண்ணும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்து, ஒரே குரலில், தோட்டமே கேட்க, “ஹை!” என்றார்கள்.

அவர்கள் முகத்தில் கள்ளமே இல்லை. பெருமைதான் இருந்தது. பெரட்டில் தாய்மார் செய்வதைத்தான் செய்தார்கள். பக்கத்து ஆள் வரவில்லையா, அவள் பங்கை இரண்டு பேரும் எடுத்துக்கொள்ள வேண்டும். நிரைக்கு ஒரு முறை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு முறை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கங்காணியிடமிருந்து தொற்றிய பழக்கத்தில் கிராணியார் வானத்தைப் பார்த்தார். கூரைதான் தெரிந்தது.

ஆபீசர் பையனைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். நடுவிலிருந்த காலி இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஒரு பெயர். இரண்டு ஆளா?”

விளக்கம் சொல்ல வேண்டும். அதையும் அவர் மொழியிலேயே சொன்னால் மகிழ்ந்துபோவார் என்று அந்த நேரத்தில் தோன்றியது. பயந்தவனுக்குத்தான் இப்படிப்பட்ட யோசனைகள் வரும். வாயைத் திறந்தேன். ஜப்பான் மொழியில், “இன்று வானிலை நன்றாக இருக்கிறது” என்றேன். அவர் புருவத்தைச் சுளித்தார். போதவில்லை என்று நினைத்து, மூக்கைத் தொட்டுக்காட்டி, “இது மூக்கு” என்றேன். கூடவே ஒரு விக்கல்.

“பகேரோ!” என்று கத்தினார் ஆபீசர். அந்த வசவு ஜோகூர் முழுக்க எல்லாருக்கும் தெரியும். பிறகு எழுந்து நின்ற பையனிடம் திரும்பி, ஜப்பான் மொழியில் எண் சொல்லச் சொன்னார்.

“இச்சி, நி, சான், சி, கோ” என்று சொல்லிவிட்டுப் பையன் உட்கார்ந்துகொண்டான். ஐந்துக்குமேல் அவன் பாதி இல்லை. இடப்பக்கத்துப் பெண் எழுந்து ஆறிலிருந்து பத்துவரை சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

“இது யாருடைய விடை?” என்றார் ஆபீசர்.

“அவளுது துவான்” என்றான் பையன், ஐயா என்பதற்கான மலாய்ச் சொல்லோடு, காலி இடத்தைக் காட்டி. “அவ வரல. பாதி நானு. பாதி இவ.”

“அவள் எங்கே?”

பையனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வாசலில் நின்று வேடிக்கை பார்த்த ஒரு சின்னப் பெண், “புல்லு வெட்டறா” என்று மலாயில் தெளிவாகச் சொன்னாள். இத்தனைக்கும் அந்தக் குழந்தைக்கு மலாய் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

ஆபீசர் வெயிலில் இறங்கி நடந்தார். வாள் முன்னே, அவர் அடுத்து, கிராணியார் பிறகு, கடைசியில் நான், எனக்குப் பின்னால் முழுப் பள்ளிக்கூடமும். சயாமுக்கு இரண்டாவது கால்சட்டை இல்லாமல் எப்படிப் போவது என்றுதான் வழிநெடுக யோசித்தேன்.

நிரையில் அவள் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள். தாய்க்குக் குளிர்காய்ச்சல். பெண்கள் எல்லாரும் ஏற்கெனவே ஒன்றரை நிரை வெட்டுகிறார்கள், அவர்கள் தலையில் இன்னும் ஏற்றக் கூடாது என்று யாரிடமும் சொல்லாமல் தாயின் நிரையில் இறங்கிவிட்டிருக்கிறாள். பெண்கள் அப்போதுதான் கண்டுபிடித்து, இரண்டு பக்கத்திலிருந்தும் அவளைத் திட்டிக்கொண்டே அவள் நிரைக்குள் வெட்டி வந்துகொண்டிருந்தார்கள்.

ஆபீசர் கங்காணியைப் பார்த்து, “இது பள்ளிக்கூடத்துப் பிள்ளையா, வேலைக்காரப் பிள்ளையா?” என்று கேட்டார்.

கங்காணி வானத்தைப் பார்த்தார்.

அங்கே என்ன இருக்கிறது என்று ஆபீசரும் பார்த்தார். ஒன்றும் இல்லாததால் கண்ணைக் கீழே இறக்கினார். இறக்கிய கண் நேராக என் நிரையில் போய் விழுந்தது. நேர்நேரான நிரைகளுக்கு நடுவில் அது வளைந்து, குத்துக் குத்தாக மயிர் முளைத்து, தோட்டத்துக்கே அவமானமாகக் கிடந்தது.

“அது யார் வேலை?”

சொல்லிவைத்த மாதிரி பெண்கள் எல்லாரும் ஒரே குரலில், “வாத்தியாரு!” என்றார்கள்.

அந்தத் தோட்டத்தில் ஒருத்தருக்காக இரண்டு பேர் குரல் கொடுப்பார்கள் என்றேன். எனக்காக அத்தனை பேரும் கொடுத்தார்கள்.

ஆபீசர் என் கையைப் பிடித்துத் திருப்பிக் கொப்புளங்களைப் பார்த்தார். “வாத்தியார் புல் வெட்டுகிறானா?” என்று கிராணியாரைக் கேட்டார். கிராணியார் அந்த வாய்ப்பை விடவில்லை. எல்லாரும் பயிரிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது அல்லவா, எங்கள் வாத்தியார் அதை முதல் ஆளாகக் கடைப்பிடிக்கிறார், பெரிய வகுப்பும் வேலையும் இரண்டும் நடக்கின்றன என்று மலாயில் சரளமாக விட்டார். கோணிய தலையோடு அப்படிப் பொய் சொல்லும்போது யாருக்கும் சந்தேகம் வராது. அதிலும் அது முக்கால்வாசி உண்மை.

ஆபீசருக்குப் பாதிக் கோபம் இறங்கியது. மீதிப் பாதி என் நிரையின்மேல் நின்றது. பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையை நீட்டி, “செக்கோலா!” என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போ என்று.

அவள் நிமிர்ந்தாள். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“தா போலே துவான்” என்றாள். முடியாது. “அம்மாவுக்குக் காய்ச்சல். நிரை முடியல.”

ஜப்பான்காரனுக்கு முன்னால் நின்று ஒருவர் ‘முடியாது’ என்று சொல்லி நான் கேட்டது அது ஒருமுறைதான். பெண்களின் மண்வெட்டிகள் நின்றன. ஆபீசரின் கை இடுப்புக்குப் போனது. வாளுக்குத்தான் போனதா, பட்டையை இழுத்துவிடப் போனதா, தெரியாது. நான் தெரிந்துகொள்ளக் காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று நடந்து அவள் நிரைக்குள் போய், அவள் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி, வெட்ட ஆரம்பித்தேன்.

இப்போதும் கல்யாண வீடுகளில் இதை வேறு மாதிரி சொல்கிறார்கள். வாளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் வாத்தியார் பாய்ந்தார் என்கிறார்கள். நான் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்: நான் வாளிலிருந்து தள்ளிப் போனேன். அவள் நிரை கொஞ்சம் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். வெட்ட ஆரம்பித்ததும் முதுகைத் திருப்பிக்கொள்ளலாம் என்பது இன்னொரு சௌகரியம்.

விக்கலுக்கு ஒரு வெட்டு என்று வெட்டினேன். இரண்டு பக்கத்துப் பெண்களும் உள்ளே இறங்கினார்கள். எனக்குப் பின்னால் ஆபீசர், “கோணல்! கோணல்!” என்று ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திக்கொண்டிருந்தார். கத்திக் கத்தி அவருக்கே அலுத்துவிட்டது. திரும்பிப் பார்த்தபோது பெண் இல்லை. பின்னால் நின்ற பிள்ளைகள் அவளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து ஒற்றைக் குரலில் ஒரு ‘ஹை!’ கேட்டது.

ஆபீசர் போகும்போது உத்தரவு போட்டுவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் இருக்கலாம். பெரிய வகுப்பு இருக்க வேண்டும். வாத்தியார் நிரை நேராகும்வரை தினமும் புல் வெட்ட வேண்டும்.

சாயங்காலம் அக்காவைப் பார்க்கப் போனேன். கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு பல் கிடுகிடுக்கப் படுத்திருந்தாள். நடந்ததையெல்லாம் பெண்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்கள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“என் நிரையிலயா இவர எறக்கினீங்க?” என்றாள் என்னைப் பார்க்காமல். “காய்ச்சல் விட்டதும் நான் போயி மறுபடி வெட்டணும்.”

“அக்கா, நாளைக்கு உங்க நிரைய ரெண்டு பக்கமும் பிரிச்சிக்கறாங்களாம். மகளத் திரும்ப எறக்கிடாதீங்க.”

“நானா எறக்கினேன்? அவளா எறங்கினா.” கொஞ்ச நேரம் பல் மட்டும் பேசியது. பிறகு, “அவ என்னையக் கேக்காம இனிமே எங்கயும் எறங்க மாட்டா. நீங்க போங்க வாத்தியாரே. பாடத்தப் பாருங்க” என்றாள்.

அந்த வருஷம் பெரிய வகுப்பில் யாரும் பாதியில் நிற்கவில்லை. பரீட்சைக்கு வெளியிலிருந்து ஆள் வராததால் நானே கேள்வி எழுதி, நானே திருத்தினேன். கேள்விகளில் இருந்த தப்புகளை அவள் திருத்தினாள். எல்லாரும் தேறினார்கள். என் நிரை மட்டும் தேறவில்லை.

பரீட்சை முடிவு சொன்ன மறுநாள், நிரையை முடித்துவிட்டு நான் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது பெரிய வகுப்பு முழுதாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

“உங்களுக்குத்தான் படிப்பு முடிஞ்சிடுச்சே!” என்றேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறோடு சரி. ஏழு என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை.

“அம்மாவ கேட்டேன் சார்” என்றாள் அவள். “நிரை இன்னும் ஒரு வருஷத்துக்குப் பிரிச்சிக்கறாங்களாம். ஏழாவதுல என்ன சார் பாடம்?”

நான் வாயைத் திறந்தேன். விக்கல்தான் வந்தது. ஆபீசருக்கு முன்னால் வந்ததைவிடப் பெரிய விக்கல். ஏழாவதில் என்ன பாடம் என்று எனக்கே தெரியாது. ஆறாவது பாடத்தையே அவளுக்கு அரைநாள் முன்னால் ஓடித்தான் சமாளித்திருந்தேன்.

“எல்லாரும் சின்னதுங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுங்க. இதோ வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த மண்வெட்டியைக்கூட வைக்க மறந்து, கிராணியார் வீட்டுக்கு ஓடினேன். அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மண்வெட்டியோடு வருகிறவனைப் பார்த்துக் கிண்ணத்தோடு எழுந்து நின்றார்.

“என்ன வாத்தியார்? ஆபீசர் திரும்ப வந்துட்டாரா?”

“இல்ல. உங்ககிட்ட எனக்குத் தெரிஞ்சதவிடத் தடிமனா ஏதாச்சும் புத்தகம் இருக்கா?”

கிராணியார் தலையைச் சாய்த்து யோசித்தார்.

“எவ்வளவு தடிமன் வேணும்?”

“ஒரு வருஷம் தாங்கணும்” என்றேன்.